ஆறு வயதிலிருந்து பதினேழு வயதுக்கு: வளரும் பருவத்துக் குறும்படத்தில் காட்சி மாற்றங்களை அமைக்கும் முறை

பாட்டி வீட்டில் வளரும் ஒரு பையனை 6, 11, 17 ஆகிய மூன்று வயதுகளில் காட்டும் 14 நிமிடக் குறும்படம் ஒன்றை, ரோஸ் ஹில்லில் உள்ள எங்கள் குடும்ப வீட்டிலும் மொரீசியஸின் கிழக்குப் பகுதியில் ஃப்ளாக் வட்டாரத்துக் கரும்புத் தோட்டங்களிலும் எடுத்து முடித்தேன். கதையை எழுத 3 வாரமும் வசனக் காட்சிகளை எடுக்க 6 நாளும் போதுமானவையாக இருந்தன. ஒரு வயதிலிருந்து அடுத்த வயதுக்குப் பார்வையாளரை அழைத்துச் செல்லும் ஐந்து காட்சி மாற்றங்களை ஒழுங்காக அமைக்கவோ 11 மாதங்கள் ஆயின. அவற்றில் மூன்றை இரண்டாம் முறை எடுக்க நேர்ந்தது. முதன்முறையாகப் படமெடுக்கும் உங்களுக்கு அந்த மாதங்களும் பணமும் மிச்சமாக வேண்டும் என்பதற்காக, செய்ய வேண்டியவற்றை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். கைப்பேசியில் எடுத்தாலும் வாடகைக் கேமராவில் எடுத்தாலும் இந்தப் படிகள் பொருந்தும்.

1. எது மாறாமல் நிற்கும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

வளரும் கதையில் ஆள் மாறுகிறான், உடை மாறுகிறது, ஆண்டு மாறுகிறது. இத்தனையும் ஒரே வெட்டில், அதாவது ஒரு ஷாட்டிலிருந்து அடுத்த ஷாட்டுக்குத் தாவும் ஒரே கட்-இல் மாறினால், பார்ப்பவர் அவனை வேறொரு பையன் என்றே எடுத்துக்கொள்வார். என் முதல் எடிட்டிங்கைப் பார்த்த உறவினர் இருவர், "இவன் அவனுடைய அண்ணனா?" என்று கேட்டார்கள். அதன் பிறகுதான் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு தாளை எடுத்து, அதன் உச்சியில் "மாறாதது" என்று எழுதி, அதன் கீழ் ஒரே ஒரு பொருளைக் குறிக்கத் தொடங்கினேன். அந்தப் பொருள் வெட்டுக்கு முன்னும் பின்னும் திரையில் அதே இடத்தில், அதே அளவில், அதே கோணத்தில் இருந்தாக வேண்டும்.

நான் இறுதியில் வைத்துக்கொண்டவை இவை: பின்வாசல் கதவின் தாழ்ப்பாள், பாட்டி கையில் வைத்து அழுத்தும் 50 ரூபாய்த் தாள், கரும்புத் தோட்டத்து நடைபாதை, காவடி நாளில் ஏழு கறி பரிமாறப்படும் வாழையிலை, ஒரு பழைய புகைப்படம். ஐந்துமே அன்றாடம் கைபடும் பொருள்கள் என்பதைக் கவனியுங்கள். பறவை பறப்பது, மெழுகுவர்த்தி அணைவது போன்ற பொதுவான குறியீடுகளை நான் எடுத்துப் பார்த்து நீக்கிவிட்டேன். அவை எந்தப் பையனுடைய கதைக்கும் பொருந்துவதால் இந்தப் பையனைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

பொருள் முடிவானதும் இன்னொரு முடிவை எடுக்க வேண்டும்: கேமரா அசையாமல் நின்று பையன் உயரப் போகிறானா, அல்லது பையனின் கண் மட்டத்தோடு கேமராவும் உயரப் போகிறதா? 6 வயதுப் பையனின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 105 சென்டிமீட்டர் உயரத்திலும், 17 வயதில் ஏறக்குறைய 160 சென்டிமீட்டர் உயரத்திலும் இருக்கும். கேமராவை ஒரே இடத்தில் நிறுத்தினால் வீடு அப்படியே நிற்க, அவன் மட்டும் வளர்ந்தது தெரியும். கேமராவைக் கண் மட்டத்துக்கு உயர்த்தினால் முகம் அப்படியே நிற்க, அவனைச் சுற்றியுள்ள வீடு சிறுத்துப்போனது தெரியும். முதலாவது வெளியிலிருந்து பார்க்கும் பாட்டியின் பார்வை. இரண்டாவது அவனுடைய சொந்தப் பார்வை. தாழ்ப்பாள் காட்சிக்கு முதலாவதையும் வாழையிலைக் காட்சிக்கு இரண்டாவதையும் எடுத்துக்கொண்டேன். ஒரே மாற்றத்தில் இரண்டையும் கலக்காதீர்கள். கலந்தால் எதுவுமே பொருந்தாது.

2. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு குறிப்புத் தாள்

மேட்ச் கட் எனப்படும் பொருத்த வெட்டு, அதாவது ஒரு ஷாட்டில் உள்ள உருவம் அடுத்த ஷாட்டிலும் திரையின் அதே இடத்தில் வந்து பொருந்தும் வெட்டு, எடிட்டிங் மேசையில் பிறப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். நானும் அப்படியே எண்ணித்தான் ஏமாந்தேன். அது படப்பிடிப்பு இடத்தில், அளவு நாடாவோடு பிறக்கிறது. முதல் ஷாட்டை எடுத்தவுடன், முக்காலியை அசைக்கும் முன்பே, கீழ்க்கண்டவற்றைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: லென்ஸின் குவியத் தொலைவு, தரையிலிருந்து லென்ஸின் உயரம், லென்ஸிலிருந்து பொருளின் தூரம், கேமரா மேலோ கீழோ சாய்ந்துள்ள அளவு, அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பளவு), ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்), வைட் பேலன்ஸ் (வெள்ளை நிறச் சமன்), நாள், மணி, வெளிச்சம் வரும் திசை. ஜூம் லென்ஸில் எடுப்பதானால் வளையத்தின் நிலையை ஒரு சிறு காகித ஒட்டுப்பட்டையால் குறித்துவிடுங்கள். முக்காலியின் மூன்று கால்களும் நின்ற இடங்களைத் தரையில் சுண்ணக்கட்டியால் குறித்து, அந்தக் குறிகளையும் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். சுண்ணம் மழையில் போய்விடும், படம் இருக்கும்.

இதற்கு மேல் ஒரு மலிவான உபாயம் உண்டு. முதல் ஷாட்டைத் திரையில் நிறுத்தி, அதன் மேல் ஒரு கண்ணாடித்தாளை ஒட்டி, இரண்டு கண்கள், தோள் கோடு, கதவு நிலையின் விளிம்பு ஆகியவற்றை மார்க்கர் பேனாவால் வரைந்துகொள்ளுங்கள். இரண்டாம் ஷாட்டுக்கு வரும்போது அதே தாளை அதே திரையில் ஒட்டி, நடிகரையும் கேமராவையும் கோடுகளுக்குள் கொண்டுவாருங்கள். இரண்டு மாத இடைவெளியில் எடுத்த தாழ்ப்பாள் காட்சி எனக்கு இந்தத் தாளால்தான் பொருந்தியது. திரையின் அளவு மாறினால் தாள் பயன்படாது என்பதால், இரு முறையும் அதே மானிட்டரையோ அதே கைப்பேசியையோ பயன்படுத்துங்கள்.

கைப்பேசியில் எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதிர்வைக் குறைக்கும் மின்னணு வசதி, படத்தின் ஓரங்களை வெட்டிவிட்டே வேலை செய்கிறது. முதல் ஷாட்டில் அது இயங்கி இரண்டாவதில் அணைந்திருந்தால், மற்ற அளவுகள் அனைத்தும் சரியாக இருந்தாலும் சட்டகம் பொருந்தாது. வெளிச்சம் குறைந்தால் கைப்பேசி தானாகவே வேறு லென்ஸுக்குத் தாவுவதும் உண்டு. இரண்டையும் அணைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

3. கட், கரைவு, விப் பேன்: எதை எங்கே வைப்பது

பொருள் வலுவாக இருந்தால் நேரடிக் கட் போதும். என் ஐந்தில் மூன்று நேரடிக் கட்தான். ஒரு ஷாட் மெல்ல மறைய அடுத்தது அதன் மேல் தோன்றும் டிசால்வ் எனப்படும் கரைவைப் புகைப்படத்துக்கும் கரும்புக்கும் மட்டும் வைத்தேன், ஏனெனில் அவை இரண்டும் நினைவோடும் பருவத்தோடும் தொடர்புடையவை. நொடிக்கு 25 ஃபிரேமில் (தனித்தனிப் படங்களில்) எடுக்கும் படத்தில் ஒரு நொடிக் கரைவுக்கு, வெட்டும் இடத்துக்கு அப்பால் ஒவ்வொரு ஷாட்டிலும் 12 அல்லது 13 ஃபிரேம் கூடுதலாக இருக்க வேண்டும். ஆகவே செயல் தொடங்கும் முன் 3 நொடியும் முடிந்த பின் 3 நொடியும் கேமராவை ஓடவிடுங்கள். "கட்" சொல்லும் அவசரத்தில் ஒரு நல்ல ஷாட்டை இப்படித்தான் இழந்தேன்.

விப் பேன், அதாவது கேமராவைச் சட்டென வீசித் திருப்பும் முறை, எளிதாகத் தெரிந்தாலும் கடினமானது. இரண்டு ஷாட்டிலும் திசை, வேகம், ஷட்டர் திறந்திருக்கும் நேரம் மூன்றும் ஒன்றாக இருந்து, மங்கலான 6 முதல் 8 ஃபிரேமுக்குள் வெட்டு விழ வேண்டும். அதன் துள்ளல் என் கதையின் நிதானத்துக்கு ஒத்துவரவில்லை என்பதால் கைவிட்டேன். எடிட்டிங் மென்பொருளில் தயாராகக் கிடைக்கும் பக்கம் புரளும் மாற்றங்களையும் ஒளிக்கீற்று மாற்றங்களையும் தொடவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. காலம் கடந்தது என்பதைவிட மென்பொருள் வேலை செய்தது என்பதையே அவை காட்டுகின்றன.

4. ஆவணங்களை இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள்

பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் முதலாவது. மொரீசியஸின் 2017ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 16 வயதுக்குக் குறைந்தவரின் தனிப்பட்ட தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். முகம் தெரியும் காட்சிப் பதிவும் அத்தகைய தகவலே. ஒப்புதல் கடிதத்தில் படத்தின் பெயர், எடுக்கும் நாள்கள், எங்கெல்லாம் திரையிடப்படும், இணையத்தில் ஏற்றப்படுமா என்பவை இருக்கட்டும். மறுபடப்பிடிப்பு நேரலாம் என்பதால் "மேலும் இரண்டு நாள்கள் வரை" என்ற ஒரு வரியையும் சேர்த்துவிடுங்கள். நான் சேர்க்காததால் எல்லாக் கையெழுத்தையும் மீண்டும் வாங்கினேன். குழந்தைக்குக் கூலி கொடுக்க எண்ணினால், 16 வயதுக்குக் குறைந்தவரை வேலைக்கு அமர்த்துவதை 2019ஆம் ஆண்டின் தொழிலாளர் உரிமைச் சட்டம் தடுக்கிறது என்பதை நினைவில் வைத்து, தொழிலாளர் அமைச்சகத்தில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பொது இடங்களுக்கான அனுமதியைப் பற்றி மொரீசியஸ் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தில் கேளுங்கள். பொதுக் கடற்கரை என்றால் கடற்கரை ஆணையத்தையும், சாலை என்றால் காவல் துறையையும் அணுக வேண்டியிருக்கும். கோவிலில் எடுப்பதானால் நிர்வாகக் குழுவின் கடிதம் வேண்டும். எந்தச் சடங்கின்போது கேமரா கூடாது என்பதை அந்தக் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள், அன்றைய கூட்டத்தில் யாரிடமும் கேட்க முடியாது.

கரும்புத் தோட்டத்தில் நான் செய்த தவறு: நிலத்தின் உரிமையாளரிடம் கையெழுத்து வாங்கினேன், பயிரிடுபவர் வேறொருவர் என்பது தெரியாமல். உரிமையாளர், பயிரிடுபவர் இருவரும் கையெழுத்திட்ட ஒரே கடிதமே பாதுகாப்பானது. குடும்பப் புகைப்படங்களுக்கும் படத்தில் இருப்பவர்களிடமோ அவர்களின் பிள்ளைகளிடமோ ஒரு வரி எழுதி வாங்குவது நல்லது.

5. மாதமும் வெயிலும் கரும்பும்

என் பதினோரு மாதங்களில் பெரும்பகுதி இந்தப் படியில்தான் போனது. ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

தலைநகர் போர்ட் லூயிஸ் தெற்கு அட்சரேகை 20 டிகிரிக்கு அருகில் இருப்பதால், நவம்பர் 22 வாக்கிலும் ஜனவரி 20 வாக்கிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. நிழல் காலடியிலேயே அடங்கிவிடும். ஜூன் 21இல் அதே நண்பகலில் சூரியன் வடக்கே 46 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். ஒரு மீட்டர் கோலின் நிழல் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் நீளத்துக்குத் தெற்கே விழும். நான் சிறுவனின் நடைபாதைக் காட்சியை ஜனவரியில் 12 மணிக்கும், இளைஞனின் காட்சியை ஜூலையில் அதே 12 மணிக்கும் எடுத்தேன். கடிகாரம் பொருந்தியது, வெயில் பொருந்தவில்லை. ஒருவனுக்கு நிழலே இல்லை, மற்றவனுக்கு ஆளுயர நிழல். ஜனவரியில் காலை 9.20 மணி வாக்கில் எடுத்தால் சூரியனின் உயரம் ஏறக்குறைய ஒத்துவரும். ஆனால் அப்போது அது கிழக்கே நிற்கும், வடக்கே நிற்காது; ஆகவே நிழலின் நீளம் பொருந்தினாலும் திசை பொருந்தாது. கேமராவையும் நடைபாதையையும் அதற்கேற்பத் திருப்ப இடமில்லாவிட்டால், இரு ஷாட்டையும் மேகமூட்டத்தில் எடுங்கள், அல்லது அந்த மாற்றத்தை வீட்டுக்குள் கொண்டுபோய்விடுங்கள். மேகமூட்டம் வேண்டுபவர்களுக்குக் கியூர்பீப் பக்கத்து மேட்டுநிலம் கடற்கரையைவிட ஏற்றது. மாலை வெளிச்சத்தை நம்புபவர்கள், டிசம்பர் இறுதியில் மாலை 6.50 வாக்கில் மறையும் சூரியன் ஜூனில் 5.40 வாக்கிலேயே மறைந்துவிடும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

அடுத்தது கரும்பு. அறுவடை ஜூன் முதல் டிசம்பர் வரை நடக்கிறது. ஆளை மறைக்கும் கரும்புக்கு நடுவே சிறுவன் நடந்து போக, வெட்டப்பட்ட வெளியில் இளைஞன் திரும்பி வருவது என் மூன்றாம் மாற்றம். உயரமான கரும்பை மே மாதத்தில் எடுத்துவிட்டு, வெட்டிய பின் ஒரு வாரத்துக்குள் மறுமுனையை எடுக்க வேண்டும். தாமதித்தால் வெட்டிய அடிக்கட்டையிலிருந்து மறுதாம்பு துளிர்த்து நிலம் மீண்டும் பசுமையாகிவிடும். எந்தத் துண்டு நிலத்தை எந்த வாரம் வெட்டுவார்கள் என்பது கடைசி நேரத்தில்கூட மாறும். நான் உயரமான கரும்பை எடுக்கப் போன நாளில் தோட்டம் ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டின் கரும்பு வளரும்வரை காத்திருக்க மனமில்லாமல் வேறொரு தோட்டத்தைத் தேடி, மறு கடிதம், மறு அளவு என்று முதலிலிருந்து தொடங்கினேன். பயிரிடுபவரின் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு, ஏப்ரல் இறுதியிலிருந்தே வாரம் ஒருமுறை பேசுங்கள்.

தைப்பூசக் காவடி ஆண்டுக்கு ஒரு நாள். அதைத் தவறவிட்டால் 12 மாதம் காத்திருக்க வேண்டும். ஆகவே வாழையிலைக் காட்சியின் இரண்டு வயதுகளையும் ஒரே நாளில், முதலில் சிறியவனை, பிறகு பெரியவனை அமர்த்தி எடுத்துவிடுங்கள். விழா முடிந்து பசியோடு வரும் பிள்ளைக்கு முதலில் சோறு போட்டுவிட்டு, அதன் பிறகு கேமராவை எடுங்கள். இரண்டு முறை முழுதாகப் பரிமாற வேண்டிய இலையையும் கறியையும் தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் பருவம் என்பதால், அந்த மாதங்களில் எந்த வெளிப்புறக் காட்சிக்கும் ஒரு மாற்று நாளைக் குறித்து வைப்பது அவசியம்.

6. காலத்துக்குப் பொருந்தாத பொருள்கள்

என் கதையில் பையன் 2013இல் 6 வயது, 2024இல் 17 வயது. மெட்ரோ ரயிலின் கட்டணச் சேவை ரோஸ் ஹில்லுக்குத் தொடங்கியது 2020 ஜனவரியில். ஆகவே சிறுவனின் தெருக் காட்சியில் தண்டவாளமோ மின்கம்பியோ ஓரத்தில்கூடத் தெரியக் கூடாது. எனக்கு ஒரு ஷாட்டில் தெரிந்தது, எடிட்டிங்கில்தான் கண்டேன். இதையே உங்களுக்குச் சாதகமாகவும் ஆக்கலாம். 25, 50, 500 ரூபாய்த் தாள்களின் பாலிமர் வடிவம் 2013இல் வந்தது. பாட்டி சிறுவனின் கையில் வைப்பது பழைய காகித 50 ரூபாய், இளைஞனின் கையில் வைப்பது பாலிமர் 50 ரூபாய். ஆண்டை எழுத்தில் போட வேண்டிய தேவையே இல்லாமல் போனது.

7. குழந்தை நடிகரும் பெரிய நடிகரும்

இருவர் முகமும் ஒத்திருக்க வேண்டும் என்று வாரக்கணக்கில் தேடாதீர்கள். காது, நெற்றி முடி, நடை, எந்தக் கை பழக்கம் என்பவை முகத்தைவிட முக்கியமானவை. என் சிறுவன் வலக்கையால் தாழ்ப்பாளைத் திறந்தான், இளைஞனாக நடித்தவரோ இடக்கைக்காரர். இதைக் கேட்டு வைக்காததால் ஒரு நாள் வீணாயிற்று.

6, 7 வயதில் முன்பற்கள் விழும். சிரிக்கும் காட்சியையும் அதன் நெருக்கக் காட்சியையும் ஆறு வார இடைவெளியில் திட்டமிட்டேன். இரண்டாம் முறை வந்தபோது மேல்வரிசையில் இரண்டு பல் இல்லை. ஒரு வயதுக்குரிய எல்லாவற்றையும் ஒரே வாரத்துக்குள் எடுத்துவிடுங்கள், பல் தெரியும் ஷாட்டுகளை முதல் நாளே எடுங்கள்.

8. கேமரா அமைப்புகள்

நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். எனவே நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 நொடி என்று பூட்டிவிடுங்கள். கைப்பேசிகள் வழக்கமாக 30 ஃபிரேமில் தொடங்குவதால் குழல்விளக்கின் கீழ் சிமிட்டல் வரும். ஒரு ஷாட்டில் சிமிட்டலும் மற்றதில் இல்லாமையும் இருந்தால் எந்தப் பொருத்தமும் நிற்காது. வைட் பேலன்ஸைத் தானியங்கியில் விடாமல் வெளியில் 5600 கெல்வினில் வையுங்கள். முழு வெயிலில் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/50 என்றால் அப்பர்ச்சர் எஃப் 22க்குப் போய்விடும். எஃப் 4 வேண்டுமென்றால் ஒளியை 32 மடங்கு குறைக்கும் என்டி ஃபில்டர் தேவை. புகைப்படத்தை ஸ்கேன் செய்யும்போது, 10க்கு 15 சென்டிமீட்டர் படம் 600 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) நீளவாக்கில் ஏறக்குறைய 3540 பிக்சல்தான் தரும். அது 4கே அகலமான 3840க்கே போதாது. உள்ளே நெருங்கிச் செல்ல வேண்டுமானால் 1200 டிபிஐயில் எடுங்கள்.

9. ஒலியை முந்தி விடுங்கள்

என் அனுபவத்தில், பொருந்தாத ஒரு வெட்டை ஒலி காப்பாற்றும்; பொருந்திய வெட்டை அது இன்னும் ஆழமாக்கும். அடுத்த வயதின் ஒலியை வெட்டுக்கு 12 முதல் 18 ஃபிரேம் முன்னதாகத் தொடங்குங்கள். பாட்டி "சாப்பிட வா கண்ணு" என்று அழைக்கும் குரல் சிறுவனின் காட்சியில் தொடங்கி இளைஞனின் முகத்தில் முடிகிறது. சிறுவன் "வரேன் பாட்டி" என்று தமிழில் பதில் சொன்ன அதே இடத்தில் இளைஞன் மொரீசியஸ் கிரியோல் மொழியில் பதில் சொல்கிறான். நம் வீடுகளில் நடப்பதை இதைவிட நேராகச் சொல்லும் மாற்றம் எனக்குக் கிடைக்கவில்லை. ஒவ்வோர் இடத்திலும் எல்லோரும் அமைதியாக இருக்க, வெறும் சூழல் ஒலியை 30 நொடி பதிவு செய்யுங்கள். தகரக் கூரையில் மழை விழுந்தால் அதையும் விட்டுவிடாதீர்கள்.

10. செலவு

எனக்கு மொத்தம் 40,000 மொரீசியஸ் ரூபாய் ஆனது: லென்ஸ், முக்காலி வாடகை 12,000; போக்குவரத்தும் சாப்பாடும் 13,500; இரண்டு ஹார்ட் டிஸ்க் 7,000; இரண்டு அளவில் சீருடையும் மற்ற உடைகளும் 4,500; ஃபில்டர் 2,500; ஸ்கேன், அச்சு, கண்ணாடித்தாள் 500. இதில் 13,000 ரூபாய் மறுபடப்பிடிப்புக்கே போனது. உங்கள் திட்டத்திலும் மூன்றில் ஒரு பங்கை இதற்கென ஒதுக்கி வையுங்கள். நொடிக்கு 100 மெகாபிட் தரத்தில் ஒரு மணி நேரப் பதிவு 45 ஜிகாபைட் ஆகும் என்ற கணக்கில் டிஸ்க் வாங்குங்கள். ஒரே பதிவு இரண்டு டிஸ்கிலாவது இருக்கட்டும், அதில் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு போதும்.

11. எடிட்டிங்கும் சோதனையும்

முதலில் ஐந்து மாற்றங்களை மட்டும், ஒவ்வொன்றுக்கும் முன்னே 10 நொடி, பின்னே 10 நொடி வைத்து, ஒலியில்லாமல் கட்டுங்கள். கதை தெரியாத மூவரிடம், தனித்தனியாக, கைப்பேசித் திரையில் காட்டுங்கள். "பிடித்ததா?" என்று கேட்க வேண்டாம், பதில் எப்போதும் பிடித்தது என்றே வரும். "இடையில் எத்தனை ஆண்டுகள் போயின, இது அதே பையனா?" என்ற இரண்டை மட்டும் கேளுங்கள். மூவரில் இருவர் பிழையாகச் சொன்னால், வெட்டை இரண்டு ஃபிரேம் முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள்; அப்போதும் சரிவராவிட்டால் குறிப்புத் தாளை எடுத்து, "மாறாதது" என்ற தலைப்பின் கீழ் எழுதிய பொருள் இரண்டு ஷாட்டிலும் உண்மையிலேயே ஒரே இடத்தில் இருக்கிறதா என்று திரையின் மேல் கண்ணாடித்தாளை வைத்து அளந்து பாருங்கள். வாடகைக் கருவிகளைத் திருப்பிக் கொடுப்பதற்கு முந்தைய நாள் மாலைக்குள் இந்தச் சோதனையை முடித்துவிட்டால், மறுநாள் காலையில் மீண்டும் எடுக்க நேரம் கிடைக்கும்.